மாப்பிள்ளை வண்டியில் நான் கட்டிய கயிறு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு ஒரு பொறியியல் கல்லூரி என் பெயரில் இருக்கிறது. பாடம் நடக்கிற கல்லூரி இல்லை, பிள்ளைகள் சேராமல் இழுத்து மூடிய கல்லூரி. கறம்பக்குடிக்குத் தெற்கே கட்டடம், மைதானம், கட்டடத்தைச் சுற்றிவரும் ஒன்றரைக் கிலோமீட்டர் தார்ச்சாலை, வாசலில் மூக்கு உடைந்து நிற்கும் யாரோ ஒரு மேதையின் சிலை என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வாங்கினேன். வகுப்பறைகளில் இப்போது டயரும் டியூபும் செயின் பெட்டிகளும் அடுக்கியிருக்கின்றன. முதல்வர் அறையில் பேட்டரி. "படிக்காதவன் காலேஜ வாங்கி என்ன பண்ணுவான்?" என்று ஊரில் கேட்டார்கள். "படிச்சவன் வச்சிருந்து என்ன பண்ணுனான்?" என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

மோட்டார் சைக்கிள் விஷயத்தில் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் எனக்கு மேல் ஒருவன் இருக்கிறான் என்றால் அவன் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். கறம்பக்குடியில் ஒரு கடை, ஆவுடையார்கோவிலில் ஒன்று, மீமிசலில் ஒன்று. மூன்றிலும் பட்டறையும் உண்டு, உதிரிபாகமும் உண்டு, புது வண்டி விற்பனையும் உண்டு. மீமிசல் வண்டிகளுக்கு உப்புக்காற்றும் மீன்பெட்டித் தண்ணீரும் சேர்ந்து ஆறே மாதத்தில் செயின் பல்லை இளித்துவிடும். அந்த வண்டி தெருமுனையில் வரும்போதே சத்தத்தை வைத்து, எந்த வீட்டு வண்டி, எத்தனை பெட்டி ஏற்றியிருக்கிறான், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருகிறானா என்பது வரைக்கும் சொல்வேன்.

தொழிலில் எனக்கு ஒரே ஒரு மந்திரம். வண்டியில் கோளாறு இல்லை, ஓட்டுகிறவனிடம்தான் கோளாறு. யார் என்ன குறை சொல்லிக்கொண்டு வந்தாலும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். சொன்னதும் எதிராளி பாதி அடங்கிவிடுவான். கிளட்ச் போச்சு என்று வந்தவன், தான்தான் அதை மிதிமிதியென்று மிதித்தோமோ என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவான். கிளட்ச் கையில்தான் இருக்கிறது என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் அவனுக்கு நினைவு வரும்.

எனக்கு ஒரே மகள். எலும்பும் தசையும் பிசகினால் பயிற்சி கொடுத்துச் சரிசெய்கிற படிப்பு படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அங்கே தோளில் காறை எலும்பு முறிந்து ஒரு மோட்டார் சைக்கிள் ரேஸ்காரர் வந்து சேர்ந்தார். அந்த எலும்பை ஒட்டவைக்கப் போனவள், தானே போய் ஒட்டிக்கொண்டாள். சொந்த ஊர் திருமயம் பக்கம்தான் என்று தெரிந்ததும் நானும் பெரிதாக முரண்டு பிடிக்கவில்லை. நிச்சயத்தன்று மட்டும் கேட்டேன்.

"மாப்பிள்ள என்ன பண்றாரு?"

"ரேஸ் ஓட்டுறாருப்பா."

"அது சரித்தா. வேலை என்ன பாக்குறாரு?"

"அதான்ப்பா வேலை. சம்பளம் தராங்க."

வண்டியை வேகமாக ஓட்டினால் போலீஸ் பணம் கேட்கும் என்று தெரியும். வேகமாக ஓட்டுவதற்கு ஒருத்தன் பணம் கொடுக்கிறான் என்பதை நம்ப எனக்கு ஒரு வருஷம் ஆனது. நம்பிய பிறகும் மனசு ஆறவில்லை. மூன்று கடை இருக்கிறது, உட்கார ஆள் இல்லை. மருமகனோ முப்பத்தொரு வயதில் தோல் உடுப்பை மாட்டிக்கொண்டு முழங்காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு திரிகிறார். வீட்டுக்கு வரும்போதெல்லாம், "மாப்பிள்ள, கடப் பக்கம் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்பேன். "வாரேன் மாமா" என்பார். வரமாட்டார். மரியாதையாகவே வரமாட்டார்.

இந்த வருஷம் பந்தயங்கள் முடிந்து ஓய்வுக்காலம் வந்தபோது மாப்பிள்ளைக்குச் சிக்கல். பழைய டீம் கடையைக் கட்டிவிட்டது. கோயம்புத்தூரில் ஒரு புது டீம் இரண்டு புது வண்டிகளை இறக்கியிருந்தது. ஆனால் ஓட்டுகிறவருக்கு இருப்பது ஒரே இடம். போட்டிக்கு இன்னொருவன், இருபத்திரண்டு வயசுப் பையன். இருவருக்கும் ஆளுக்கொரு வண்டியைக் கொடுத்து நான்கு நாள் ஓட்டவிட்டு, புது வண்டியோடு யார் சீக்கிரம் பழகுகிறாரோ அவரை எடுத்துக்கொள்வது என்று மேனேஜர் முடிவு செய்திருந்தார். மாப்பிள்ளைக்கு இது கிடைக்காவிட்டால் வேறு டீம் இல்லை. அந்த வயதில் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தால் அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள். ரேஸ் மைதானம் எல்லாம் வாரக்கணக்கில் முன்பதிவாகிக் கிடக்க, என் மகள்தான் சொன்னாள்: "எங்கப்பாகிட்ட ஒரு காலேஜ் இருக்கு. சுத்திலும் நல்ல ரோடு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரோட்டை இரண்டு முறை கூட்டித் தள்ளச் சொன்னேன். ஆடுகளை விரட்டி வேலியை அடைத்தேன். வளைவுகளில் என் கிடங்கு டயர்களையே அடுக்கி, பின்னால் வைக்கோல் கட்டு போட்டேன்.

லாரி வந்தது. மேனேஜர், இரண்டு மெக்கானிக்குகள், அந்தக் கோயம்புத்தூர்ப் பையன், லேப்டாப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் பொறியாளர். அந்தப் பெண் இறங்கியதும் சுற்றும் முற்றும் பார்த்துச் சிரித்தது.

"ஐயா, நான் இங்கதான் படிச்சேன். ஆவுடையார்கோவில்லேருந்து காலேஜ் பஸ்ல வருவேன். அந்தா, அதுதான் எங்க மெக்கானிக்கல் லேப்."

"இப்பவும் லேப்தாம்மா. டயரு லேப்பு."

"நாங்க படிச்சப்ப அதுல ஒரு டயர்கூடக் கெடையாதுங்கய்யா" என்றது. அப்போதே அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது.

வண்டிகளை இறக்கினார்கள். கறுப்பு உடம்பு, விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை, ஹாரன் இல்லை, ஸ்டாண்டுகூட இல்லை. இவற்றையெல்லாம் பிடுங்கிவிட்டு அதிக விலைக்கு விற்கிற சாமர்த்தியம் எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லையே என்று வருத்தமாக இருந்தது. "நான் ஓட்டாத வண்டியா?" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தேன். கால் தரைக்கு எட்டவில்லை, இரண்டு மெக்கானிக்குகள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். இன்ஜினைக் கிளப்பிக் கியரைக் கீழே மிதித்து கிளட்ச்சை விட்டேன். வண்டி ஒரு துள்ளு துள்ளி, ஆடு தும்முவதுபோல ஒரு சத்தம் கொடுத்து அணைந்தது.

"மாமா, ரேஸ் வண்டியில கியரு தலகீழு. ஒண்ணாவது மேல, மத்ததெல்லாம் கீழ. நீங்க ரெண்டாவதப் போட்டுட்டீங்க" என்றார் மாப்பிள்ளை.

"தலகீழா வச்சவன் எவன்?"

"வளைவுல வண்டி படுத்திருக்கப்ப ரோட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல காலு நொழையாது மாமா. மேல தூக்குறதுக்குப் பதிலா அழுத்துனா போதும்."

நியாயமாகத்தான் இருந்தது. இருந்தாலும், "வண்டி இன்னும் செட்டாகல" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் காலையில் ஓட்டம் தொடங்குவதற்கு முன் பூஜை. எலுமிச்சை, சூடம், பூசணிக்காய் எல்லாம் என் ஏற்பாடு. "ஐயா, பூசணிக்காய ரோட்டுல ஒடைக்காதீங்க, வழுக்கும்" என்று பொறியாளர் கெஞ்சியதால் வாசல் சிலைக்கு முன்னால் உடைத்தேன். பிறகு மாப்பிள்ளையின் வண்டிக்கு மட்டும் என் கடை வழக்கப்படி கயிறு கட்டினேன். என் கடையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு புது வண்டிக்கும் முன்சக்கரத்தின் பக்கத்தில், சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடிக்காலில், ஒரு கறுப்புக் கயிறு கட்டுவேன். கயிற்றின் முனையில் கறுப்புத் துணி முடிச்சு ஒன்று தொங்கும். அதற்குள் விரல் நகம் அளவுக்குக் குதிரை லாடத் துண்டு. இரும்பு இருந்தால் கண்ணேறு அண்டாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை யாரிடமும் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த கடைக்காரன் நாளைக்கே லாடம் வாங்கப் போய்விடுவான். பார்க்கிறவர்கள் விபூதி என்று நினைத்துக்கொள்வார்கள்.

மெக்கானிக் ஒருவர் குனிந்து பார்த்து, "இது என்னங்க ஐயா?" என்றார்.

"சாமிக் கயிறு."

"சரிங்க" என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எனக்குக் கட்டலீங்களா?" என்று அந்தப் பையன் கேட்டான்.

"தம்பி, ஒங்க மாமனார் வந்து கட்டுவாரு. மொதல்ல கல்யாணத்தப் பண்ணுங்க."

புது வண்டிக்கு ரேஸ்காரர் பழகுவதை அதுவரை நான் பார்த்ததில்லை. ஏறி உட்கார்ந்து முறுக்குவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் நாள் பாதி, வண்டி நகரவே இல்லை. மாப்பிள்ளை ஏறி உட்காருவார், கண்ணை மூடுவார், கால் வைக்கும் கட்டையை ஒரு விரற்கடை பின்னால் தள்ளச் சொல்வார், பிரேக் பிடியை அரிசி கனத்துக்கு இறக்கச் சொல்வார், மறுபடி உட்காருவார். பொண்ணு பார்க்க வந்தபோதுகூட இத்தனை தடவை அவர் உட்கார்ந்து எழுந்திருக்கவில்லை. அந்தப் பையனும் அப்படியே. அப்புறம் மெதுவாக ஐந்து சுற்று, வந்து நிற்பது, பேசுவது, திருகுவது, மறுபடி ஐந்து சுற்று.

மாப்பிள்ளைக்கு இந்த வண்டியோடு பழகுவது கொஞ்சம் கஷ்டம் என்று என் மகள் சொன்னாள். அவருடைய பழைய வண்டியில் கம்ப்யூட்டர் கிடையாது. பின்சக்கரம் வழுக்கினால் அவருடைய வலது மணிக்கட்டுதான் பார்த்துக்கொள்ளும். புது வண்டியில் கம்ப்யூட்டர் முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, வழுக்குகிறது என்று அதற்குத் தோன்றினால் தானே சக்தியைக் குறைத்துவிடும். பையன் இந்த மாதிரி வண்டியிலேயே வளர்ந்தவன். மாப்பிள்ளை தன் மணிக்கட்டை நம்பி வளர்ந்தவர்.

இரண்டாம் நாள் வேகம் எடுத்ததும் தொல்லை தொடங்கியது. பழைய நூலகத்தை ஒட்டிய வளைவில் மாப்பிள்ளை பிரேக் பிடித்து, படுத்து, வெளியே வரும்போது முறுக்குவார். வண்டி இருமும். சில சுற்றில் ஒன்றும் இருக்காது, சில சுற்றில் இருமும். பையன் அதே வளைவில் வெண்ணெயில் கத்தி போகிறதுபோலப் போனான்.

"முறுக்குனா பவர் கட்டாகுது மாமா. வண்டி என்னய நம்ப மாட்டேங்குது" என்று ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

நான் பழக்கதோஷத்தில் என் மந்திரத்தைச் சொன்னேன். "மாப்பிள்ள, வண்டியில கோளாறு இல்லீங்க. ஓட்டுறவங்ககிட்டத்தான் கோளாறு."

என் மகள் பார்த்த பார்வையில் பக்கத்திலிருந்த வைக்கோல் கட்டு பற்றியிருக்க வேண்டும். ஆனால் லேப்டாப்பும் என் கட்சியில் சேர்ந்துகொண்டது. பிரேக் பிடிக்கிற நேரத்தில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது என்று அதில் கோடு கோடாகக் காட்டியது. மாப்பிள்ளை பிரேக்கை முரட்டுத்தனமாகப் பிடிக்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

"நான் அவ்ளோ பலமாப் பிடிக்கலயே" என்றார் அவர்.

"அண்ணா, பழைய வண்டி ஞாபகத்துலயே புடிக்கறீங்களோ என்னமோ" என்றான் பையன். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதனால்தான் அது நன்றாகக் குத்தியது. மேனேஜர் நேரம் பார்க்கும் கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் சக்கரத்தின் வேகத்தைச் சொல்லும் சென்சாரையே மாற்றினார்கள். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றும்போது என் கயிற்றைப் பூப்போல ஒதுக்கிவைத்து, வேலை முடிந்ததும் அதே இடத்தில் திரும்பக் கட்டினார். நான் அதைப் பார்த்து மகிழ்ந்தேன். கொங்கு நாட்டுக்காரர்கள் பக்தியில் நம்மைவிட ஒரு படி மேல்தான். ஓட்டிப் பார்த்தார்கள். புது சென்சாரும் அதே கதையைத்தான் சொன்னது.

"சென்சாரையும் மாத்தியாச்சுங்க. அப்ப ரைடர்தானுங்க" என்று மேனேஜர் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் மாப்பிள்ளைக்குக் கேட்டுவிட்டது. அடுத்த ஓட்டத்தில் அவர் கோபத்தோடு போனார். நூலக வளைவில் வண்டி இருமியது, அவர் இன்னும் முறுக்கினார், சட்டென்று சக்தி திரும்பி வந்தது, பின்சக்கரம் விலகி, ஆளும் வண்டியும் தனித்தனியாக என் டயர் அடுக்குக்குள் போய்ச் சேர்ந்தார்கள். வண்டிக்கு ஒரு பெடல் வளைந்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. என் மகள் ஓடிப்போய்க் காறை எலும்பைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு இருவரும் பழைய கேன்டீன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே சோடா எடுக்கப் போனவன், ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை. என் கட்டடம், என் ஜன்னல்.

"போதும்டி. மாமா சொல்றது சரிதான். எனக்கு வயசாயிருச்சு. கடையில வந்து ஒக்காந்துர்றேன்."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"பிரேக்க எம்புட்டுப் பிடிக்கிறேன்னுகூட எனக்குத் தெரியலங்கிறப்ப, நான் வேற என்ன சொல்ல?"

அவள் சிராய்ப்பில் மருந்து தடவினாள். உள்ளே நின்ற எனக்கோ உச்சி குளிர்ந்தது. எத்தனை வருஷத்து ஆசை! மீமிசல் கடையை முதலில் கொடுப்பதா, கறம்பக்குடிக் கடையைக் கொடுப்பதா என்று யோசித்தேன். பெயர்ப் பலகையில் அவருடைய படத்தை ரேஸ் உடுப்போடு போட்டால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்றும் தோன்றியது. அந்தச் சந்தோஷத்திலேயே இரண்டு டீயை எடுத்துக்கொண்டு அந்தப் பொறியாளர் பெண்ணிடம் போனேன். அது லேப்டாப்பைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா, கம்ப்யூட்டர் என்ன சொல்லுது?"

"சொன்னதையேதான் சொல்லுதுங்கய்யா. ஆனா எனக்கு நம்பிக்கை இல்ல. முன்சக்கரம் நெசமாவே நின்னுருந்தா அவரு ஒவ்வொரு தடவையும் விழுந்திருக்கணும்."

பேச்சு கொடுப்பதற்காகத்தான் கேட்டேன். "அந்தச் சென்சாரு சக்கரம் சுத்துறத எப்புடிம்மா கண்டுபிடிக்குது?"

"உள்ள ஒரு குட்டிக் காந்தம் இருக்குங்கய்யா. அதுக்கு முன்னாடி இந்தப் பல்லு வச்ச வளையம் சுத்தும். இரும்புப் பல்லு ஒவ்வொண்ணா கடந்து போறத அது எண்ணும். அவ்ளோதான்."

"அது முன்னால வேற இரும்பு வந்து நின்னா?"

"காந்தம் அத இழுத்து ஒட்டிக்கும். அப்புறம் பல்ல எண்ண முடியாது. சக்கரம் நின்னுருச்சுன்னு நெனச்சுக்கும்." சிரித்துவிட்டு, "ஆனா அங்க வேற இரும்பு எங்கிட்டு இருந்துங்கய்யா வரப்போகுது?" என்றது.

வாயில் இருந்த டீயை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பிரேக் பிடித்தால் எதுவும் முன்னால் ஊஞ்சலாடும். என் முடிச்சும் ஆடியிருக்கும். சென்சாரில் போய் ஒட்டியிருக்கும், பின்சக்கரம்தான் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்திருக்கும். குலுக்கலில் எப்போதாவது விடுபட்டிருக்கும். மெக்கானிக் கயிற்றைத் தொட்டுக் கும்பிட்டுத் திரும்பத் திரும்பக் கட்டியிருக்கிறார். எல்லோரும் அதைப் பார்த்திருக்கிறார்கள், சாமிக் கயிறு என்று ஒருவரும் அவிழ்க்கவில்லை. உள்ளே இரும்பு என்று இந்த உலகத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மதியச் சாப்பாடு நூலகக் கட்டடத்தில். மீமிசலிலிருந்து காலையில்தான் மீன் வந்திருந்தது. எல்லோருக்கும் நானே பரிமாறினேன், உட்கார்ந்தால் பேச வேண்டி வரும் என்று. மனசுக்குள் கணக்குப் பேசினேன். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. சாயந்திரம் கயிற்றை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. மாப்பிள்ளை கடைக்கு வந்துவிடுவார், எலும்பு முறியாது, மகள் பக்கத்திலேயே இருப்பாள். கெட்டது என்ன இதில்? நல்லதைக் கெட்ட வழியில் கொண்டுவருவதற்குச் சாமியே கயிறு கொடுத்திருக்கும்போது நான் யார் மறுக்க? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேனேஜர் இலையில் மூன்றாவது முறையாக ரசம் ஊற்றினேன். அவர் இலையைக் கையால் மறைத்தார்.

அப்போது மாப்பிள்ளை எழுந்து வந்து மேனேஜரிடம் சொன்னார்: "சார், நாளைக்கு எனக்கு ஓட்டம் வேணாம். அந்த நேரத்தையும் தம்பிக்கே குடுங்க. வண்டி நல்ல வண்டி. வண்டியில கோளாறு இல்ல. கோளாறு என்கிட்டத்தான்."

என் வார்த்தை அப்படியே. நாற்பது வருஷமாக ஆயிரம் பேருக்கு நான் அதைச் சொல்லியிருக்கிறேன். ஒருத்தனாவது அதை நம்பி, உள்ளுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, இப்படி முகம் செத்து என் எதிரில் வந்து நின்றதில்லை. நின்றிருப்பார்கள், நான் அடுத்த வண்டியைப் பார்க்கத் திரும்பியிருப்பேன். இந்த முறை திரும்ப முடியவில்லை, கையில் ரசவாளி வேறு.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "கோளாறு அவருகிட்ட இல்லீங்க. வண்டியிலயும் இல்ல. மாமனாருகிட்ட இருக்கு."

அவர்களை அழைத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். குனிய முடியாமல் குனிந்து, முடிச்சைப் பிடித்துச் சென்சார் பக்கம் கொண்டுபோனேன். அரை விரற்கடை தூரத்திலேயே 'டிக்' என்று போய் ஒட்டிக்கொண்டது. பசை போட்டதுபோல. முடிச்சைப் பிரித்து லாடத் துண்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

முதலில் சிரித்தது அந்தப் பையன்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நான்தானுங்க ஒவ்வொரு வாட்டியும் திருப்பிக் கட்டுனேன்" என்றார் மெக்கானிக், அழுகிற குரலில்.

"நானும் பாத்தேங்கய்யா. விபூதின்னு நெனச்சுட்டேன். நாலு வருஷம் இந்தக் காலேஜ்ல இதப் படிச்சேன்" என்று பொறியாளர் பெண் லேப்டாப்பை மூடியது.

என் மகள் கிட்டே வந்தாள். "அப்பா, இத என் கல்யாணத்துக்கும் எங்கிட்டாச்சும் கட்டுனீங்களா?"

"கட்டில் காலுல ஒண்ணு இருக்குத்தா."

அவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த இரும்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மூணு நாளு மாமா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். திட்டுக்குத் திருப்பிப் பேச எனக்குத் தெரியும்.

வளைந்த பெடலைச் சரிசெய்யவே சாயந்திரம் ஆகிவிடும், லாரி மறுநாள் மதியம் கிளம்ப வேண்டும், அதை மாற்ற முடியாது என்றார் மேனேஜர். காலையில் ஆளுக்குப் பத்துச் சுற்று. அதை வைத்து முடிவு. நான் வாய்ப்பேச்சுக்கு அன்று ஒரு நாள் விடுமுறை கொடுத்தேன்.

காலையில் பையன் முதலில் போனான். நன்றாகத்தான் ஓட்டினான். பிறகு மாப்பிள்ளை. அவர் பழையபடி முரட்டுத்தனமாகப் போவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. இரண்டு நாளாக எந்த நேரத்தில் இருமுமோ என்று பயந்து பயந்து, பிரேக்கை முட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்து, ஆக்சிலேட்டரை நூல் பிரிப்பதுபோலத் திறந்து ஓட்டிப் பழகியிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. வண்டியோ இப்போது இருமவில்லை. நூலக வளைவில் முதல் சுற்றில் தயங்கினார். மூன்றாவதில் தயங்கவில்லை. ஆறாவது சுற்றில் என் மகள் என் கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாள். சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிந்தது, எங்கேயும் ஒரு கிழிசல் இல்லாமல் ஒரே துணியாக அந்த இன்ஜின் போனது. இதைச் சொல்ல லேப்டாப் தேவையில்லை.

பொறியாளர் பெண், "புது வண்டிக்கு இப்படித்தான் ஓட்டணும்னு நாங்க முதல் நாளே சொன்னோம். அவரு கையி இப்பதான் கேட்டுச்சு" என்றது.

"அப்ப என் கயிறுதான் கத்துக்குடுத்துருக்கு" என்றேன்.

"அப்பா" என்றாள் என் மகள். அந்த ஒரு சொல்லில் என் வாய்க்குப் பூட்டு.

நேரத்தில் பையனைவிடக் கொஞ்சம்தான் முந்தியிருந்தார். கண் இமைக்கிற நேரத்தில் பாதி. மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்காமலே பேசினார். "நேரத்த விடுங்க. சக்கரம் நின்னுபோச்சுன்னு பொய் சொல்ற வண்டிய மூணு நாளு ஓட்டி, ஒரே ஒரு வாட்டிதான் விழுந்திருக்காருங்க. எனக்கு அவரு போதும். தம்பி, நீ மாற்று ஆளா இரு. அடுத்த வருஷம் பாக்கலாம்."

பையன் போய் மாப்பிள்ளையின் முதுகில் ஓங்கி அறைந்தான். மாப்பிள்ளை ஹெல்மெட்டோடு டயர் லேப்புக்குப் பின்னால் இருக்கும் குழாயடிக்குப் போனார். முகம் கழுவ அவ்வளவு தண்ணீர் தேவையில்லை. என் தண்ணீர்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. என் எதிரில் வந்து நின்றார்.

"மாமா, நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். கடைக்கு வந்திருப்பேன்."

"தெரியும் மாப்பிள்ள."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"வந்து ஒக்காந்தீங்கன்னா அந்த மூஞ்சியத் தெனமும் நான்தான பாக்கணும்? வியாபாரம் படுத்துரும்."

அப்போதுதான் சிரித்தார், நான்கு நாளில் முதல் தடவையாக.

லாரி போன பிறகு எனக்கு வேறொரு வேலை வந்தது. இப்போது வருகிற சாலை வண்டிகள் பலவற்றிலும் அந்த மாதிரி சென்சார் உண்டு. கொஞ்ச காலமாகச் சிலர், "அண்ணே, பிரேக் வெளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு" என்று வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் மந்திரத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். உடனே மூன்று கடையிலும் இலவசப் பரிசோதனை முகாம் என்று பேனர் கட்டினேன். வந்த வண்டிகளில் கயிற்றை மட்டும் நைசாக அறுத்துவிட்டு, எண்ணெய் விட்டுத் துடைத்துக் கொடுத்தேன். விளக்கு அணைந்ததைப் பார்த்து என்னை மெச்சாதவர் இல்லை. மெச்சியதை நானும் மறுக்கவில்லை. வராதவர்கள் இதைப் படித்தால் வீட்டிலேயே அறுத்துக்கொள்ளலாம், தெய்வக் குற்றம் ஒன்றும் இல்லை.

மற்றபடி கடைகளில் உட்கார இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அறுபத்தேழு வயதில் காலையில் கறம்பக்குடி, மதியம் ஆவுடையார்கோவில், சாயந்திரம் மீமிசல் என்று நானே சுற்றுகிறேன். இந்தச் சுற்றை ஓட்டுவதற்கு எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. நம்பிக்கையான ஆள் யாராவது தெரிந்தால் சொல்லி அனுப்புங்கள். படித்திருந்தாலும் பரவாயில்லை. ரேஸ்காரர்கள் மட்டும் வேண்டாம், அவர்களுக்கு வேலை இருக்கிறது.